புள்ளி வட்டம்

மூஞ்சிக்கல் வளைவில், பேக்கரி மாடியில் வேலை:
தங்கும் விடுதிகளுக்கு வலைத்தளம் செய்கிறேன்.
முகப்பில் மேகம் வேண்டும் என்பார்கள்,
ஆனால் சட்டென்று திறக்கணும் என்பார்கள்.
மேகத்தை அறுபது கேபிக்குள் அமுக்குகிறேன்.
ஜன்னலுக்கு வெளியே அது
எந்த அளவுக்கும் அடங்காமல் வந்து
எதிர்க்கடை ஷட்டரை அழித்துவிட்டுப் போகிறது.

அது பிழைப்பு. பித்து வேறு.

கொம்பு தெரியும்தானே, ஒற்றையோ இரட்டையோ:
எழுதினால் மெய்க்கு முன்னால் நிற்கும்,
சொன்னால் மெய்க்குப் பின்னால்தான் கேட்கும்.
கணினிக்குக் கண் கிடையாது. காதுதான்.
மெய் முதலில், கொம்பு அப்புறம் என்றே
வரிசை வைத்திருக்கிறது.
பழைய தட்டச்சுப் பழக்கத்தில் யாராவது
கொம்பை முதலில் தட்டிவிட்டால்
பக்கத்தில் ஒரு வட்டம் போட்டுவிடும்,
புள்ளி புள்ளியாக,
பட்டன் பிய்ந்த இடத்து ஊசித்துளைகள் மாதிரி.
அர்த்தம்: இங்கே ஓர் எழுத்து இருக்க வேண்டும்.

அந்த வட்டங்களைப் படமெடுத்துச் சேர்க்கிறேன்.
இதுவரை இருநூற்றுப் பதினொன்று.
பெருமாள்மலை பஸ் போர்டில் ஒன்று.
கூட்டுறவு வங்கிச் சலானில், தொகை எழுதுமிடத்தில் ஒன்று.
பண்ணைக்காட்டு டீக்கடையின் மெதுவடையில் ஒன்று
(ஓட்டை சரியான பண்டத்துக்குத்தான் விழுந்திருக்கிறது).
பினாங்கில் நளாயினி என்றொருத்தி,
நேரில் பார்த்ததில்லை, முந்நூறு வைத்திருக்கிறாள்.
வட்டத்துக்குப் பதினொரு புள்ளியா பன்னிரண்டா என்று
ஒரு மாதம் சண்டை போட்டோம்.
எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும் என்று முடிந்தது.
இரண்டு பேருக்கும் திருப்தியில்லை.

ஆடி, ஒரு வியாழன்.
காய்கறி ஜீப்புகள் நிற்கிற இடத்தில் புது பிளெக்ஸ்.
தூரத்திலேயே வட்டம் தெரிந்துவிட்டது.
தலையளவு! இவ்வளவு பெரியது சிக்கியதேயில்லை.
போனை எடுத்து, துடைத்து, குவித்து, அழுத்திவிட்டு
மிச்சத்தைப் படித்தேன்.
கண்ணீர் அஞ்சலி.

ேவலப்பன்

பூம்பாறை. கேபிள்காரர்.
என் வீட்டுக்கு லைன் இழுக்க
மழையில் சைப்ரஸ் மரத்தில் ஏறி
உச்சியிலிருந்து “வருதா? வருதா?” என்று கேட்டவர்.
நான் கீழே திரையைப் பார்த்தபடி
“இன்னும் சுத்துது, இன்னும் சுத்துது” என்று கத்தினேன்.
முக்கால் மணி நேரம்.
இறங்கி வந்து, டீ வேண்டாம் என்று சொல்லி,
முதலில் என்ன திறக்கிறேன் என்று எட்டிப் பார்த்தார்.

பிளெக்ஸ் கடையில் ஜெசிந்தா சொன்னாள்:
“டிசைன்னு நெனச்சேன்க்கா.
சாமி பேராச்சே, ஒளிவட்டமோன்னு விட்டுட்டேன்.”
அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன்.
வ முதலில். கொம்பு பின்னால்.
வட்டம் காணாமல் போனது, அரை நொடி.
அச்சுக்கு அறுநூறு ரூபாய், நான் தருகிறேன் என்றேன்.
அவர் மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை.
“பாக்க வேண்டியவங்க பாத்துட்டாங்க.
படத்துல நல்லா சிரிச்சிருக்காரு. விடுங்க.”

நளாயினிக்கு அனுப்பவில்லை.
அழிக்கவும் இல்லை.
எண் போடாமல் கிடக்கிறது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு
பூம்பாறையிலிருந்து வந்த ஜீப் ஒன்றில்
பூண்டு மூட்டைகளுக்கு மேல் அதே பிளெக்ஸ்,
எழுத்துப் பக்கம் வானத்தைப் பார்க்க.
முகம் கயிற்றடியில் மடிந்துபோயிருந்தது.
மாடியிலிருந்து பார்த்தேன்:
வட்டம் இருந்த இடம் பள்ளமாகி
கொஞ்சம் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது.
வளைவில் ஜீப் திரும்பியபோது
ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சிந்தவில்லை.

போன் அடித்தது. விடுதிக்காரர்.
“ஏம்மா, அந்த மேகம்
இன்னும் சுத்திக்கிட்டே இருக்கே?”

பார்க்கிறேன் என்றேன்.