இருநூற்றுப் பதின்மூன்றாவது ஆள்

எத்தனை வாங்கினோம் என்று கேட்காதீர்கள்.
வாங்கினோம்.
வாங்கியதை மூட்டை கட்டிக்கொண்டு
வடக்கே திரும்புகிறோம் பதின்மூன்று பேர்
ஒரு வாடகை வேனில்.

மலைச்சாலையில் பனி. குறுக்கே கதவைப் போட்டுவிட்டார்கள்.
ஸ்காட்லாந்தில் சாலைக்கும் தாழ்ப்பாள் உண்டு.
ஓட்டுநர் ரோனா எஞ்சினை அணைக்காமல்
ஆரஞ்சு உரிக்க ஆரம்பித்தாள்.

"யாரும் போனைத் தொடக் கூடாது," என்றான் ஸ்ட்ரூவன்.
"தொட்டால் அடுத்த வாரத் தேநீர் அவர் செலவு.
கேளுங்கள்:
இடைவேளையில் கையுறையை ஹீட்டரில் காயவைத்துக்
கருக்கிவிட்டு, இரண்டாம் பாதி முழுக்க
அடுப்படிக் கையுறையோடு கோல் காத்தவன்—"

முடிக்கவில்லை, பின்சீட்டிலிருந்து எய்ல்சா:
"மர்டோ கில்லிஸ். எழுபத்தெட்டு. பிப்ரவரி."
"மார்ச்," என்றாள் கிரியர்.
"கையுறையில் நீலக் கோழி போட்டிருந்தது."
கோழியா வாத்தா என்று
நான்கு மைல் தூரத்துக்குச் சண்டை,
வேன் ஓரங்குலம் நகராமல்.

கில்பிரானக் திஸில் எந்தக் கோப்பையும் வென்றதில்லை.
பெரிய அணிக்காரர்கள் கோப்பைகளை எண்ணட்டும்;
எங்களுக்கு எண்ண மிச்சம்
ஆற்றில் விழுந்த பந்துகள்.
(ஒரே ஆட்டத்தில் நான்கு. நான்காவதை
ஒரு இறால் படகு செவ்வாய்க்கிழமை கொண்டுவந்து கொடுத்தது.
படகின் பெயர் என்ன என்பது டார்குவிலின் கேள்வி.
யாருக்கும் தெரியவில்லை.
அவனுக்கும் தெரியாது என்பது பிறகுதான் தெரிந்தது.)

அப்புறம் இன்னிஸ் தொண்டையைச் செருமினான்.
பதினெட்டு வருடமாக இந்தக் கேள்வியை
உண்டியல் காசு மாதிரி வைத்திருக்கிறான்,
வருடத்துக்கு ஒருமுறை குலுக்கிக் காட்டுவான்.

"நவம்பர். புதன்கிழமை. கொட்டுகிற மழை.
விற்ற டிக்கெட் இருநூற்றுப் பன்னிரண்டு.
மைக்கில் சொன்னது இருநூற்றுப் பதின்மூன்று.
அந்த உபரி ஆள் யார்?"

பாதிரியார்.
நடுவரின் மாமியார்.
கொடிக்கம்பத்தில் கட்டியிருந்த நாய்.
சுவரேறிக் குதித்த யாரோ—
"நம் ஆட்டத்துக்கா? குதித்தால் வெளியேதான் குதிப்பார்கள்."

ரோனா ஒரு சுளையை வாயில் போட்டாள்.
கால்பந்துக்கும் அவளுக்கும் காததூரம்.
"அந்த வாசல் கதவு அப்போது பச்சையா?" என்றாள்.
பச்சைதான்.
"பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு கார்
விளக்கு எரிய நின்றது. பாட்டரி செத்துவிடுமே என்று
சொல்லத்தான் உள்ளே போனேன்.
மைக்காரர் என்னையும் எண்ணியிருப்பார்."

இன்னிஸ் கேட்டான், கேள்வி மாதிரியே இல்லாத குரலில்:
"என்ன நிறம், அந்தக் கார்?"
"பழுப்பு. கூரைமேல் ஏணி."

அந்த மழையில், அந்தப் புதன்கிழமை இரவில்,
பதினொரு மைல் நடந்து வீடு போனவன் அவன்.
"மைக்கில் யாருமே சொல்லவில்லையே!"
"சொன்னார். அந்த நேரம் பார்த்து நீங்கள் கோல் போட்டீர்கள்."

தலையால், என்றது முன்சீட்டு.
தோளால், என்றது பின்சீட்டு.
ஓட்டுநருக்கு மதிப்பெண் உண்டா என்று
இன்னொரு பக்கம் வழக்கு.
இன்னிஸ் எதிலும் சேரவில்லை.
ரோனா நீட்டிய சுளையை வாங்கி
உள்ளங்கையிலேயே வைத்திருந்தான்.
விடை வந்ததும் கேள்வி விடைபெற்றுக்கொண்டது;
அடுத்த பயணத்துக்கு அவனிடம் வேறொன்றும் இல்லை.

பனி வழிக்கும் வண்டி மேலிருந்து இறங்கி வந்தது.
கதவைத் திறந்தார்கள்.
கியரை மாற்றியபடி
கண்ணாடியில் எங்களைப் பார்த்து ரோனா
தன் பங்குக்கு ஒன்று கேட்டாள்:
"ஆமாம், இன்றைக்கு என்ன ஸ்கோர்?"

எல்லோரும் சன்னலைப் பார்த்தோம்.
வெளியே பார்க்க வெள்ளையைத் தவிர எதுவும் இல்லை.

ரொம்ப நேரம் கழித்து எய்ல்சா சொன்னாள்:
"அது வாத்துதான்."