விரலை எடுத்த பிறகும்

லியெபாயாவில் டிராமுக்கு ஒரே தடம்.
இருபத்திரண்டு வருடமாக அதிலேயே போகிறேன், அதிலேயே வருகிறேன்.
தலைக்கு மேல் கம்பி, காலுக்குக் கீழ் தண்டவாளம்,
நடுவில் நான், வெல்கா,
பனியில் சக்கரம் வழுக்கினால்
பொத்தானை அழுத்தி மணல் தூவுகிறவள்.

அந்த மணல் என்னோடு வீட்டுக்கு வரும்.
பூட்ஸின் வரிகளில், கால்சட்டை மடிப்பில்,
ஒருமுறை காதுக்குள்.
காற்று கொண்டுவருவது கடற்கரை மணல், பூப்போல;
அதைக் குறை சொல்ல மாட்டேன்.

பழைய வேக்குவம், ஆறு மீட்டர் வயர்,
கூடத்தின் பாதி வரை வந்து
கட்டிப்போட்ட நாய் மாதிரி நிற்கும்.
இழுத்தால் பிளக் பிடுங்கிக்கொள்ளும்.
மார்ச் மாதம் அது புகைந்தது.
வருத்தப்பட்டதாக நடித்தேன்.

வேலையில்தான் கம்பிக்குக் கட்டுப்பட்டவள்,
வீட்டிலாவது இல்லாமல் இருக்கட்டுமே என்று
கடைக்குப் போனேன், சனிக்கிழமை, சீருடையோடு.

ரைவிஸ் என்று மார்பில் பெயர் குத்திய பையன்
சின்னக் கம்பளத்தில் ஓட்ஸ் தூவினான்.
மிஷின்கள் ஏழும் தின்றன,
ஒன்றுக்கொன்று சளைக்காமல்.
ஓட்ஸ் யாருக்கும் அடங்கும், தம்பி, என்று
கைப்பையிலிருந்து ஜாம் பாட்டிலை எடுத்தேன்.
டிப்போ மணல். காய்ந்தது, கூரானது,
இரும்பையே நிறுத்துவது.
மேலாளர் இருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்தான்.
பிறகு, கொட்டுங்கள், என்றான்.

முதலாவது சிணுங்கியது.
இரண்டாவது மணலை முன்னால் விழுங்கி
பின்னால் என் மேலேயே துப்பியது.
மூன்றாவது நல்ல மிஷின், ஆனால்
கூரை மூலைக்குத் தூக்கிப் பிடித்தபோது
மணிக்கட்டு வேண்டாம் என்றது.
நாலாவதன் பெட்டியில் அறுபது நிமிடம் என்று போட்டிருந்தது.
முழு வேகத்தில்?
முழு வேகத்தில் எட்டு, என்றான் ரைவிஸ், மெதுவாக,
அவனே குறைத்துவிட்ட மாதிரி.
எட்டு நிமிடத்தில் நான் சந்தையிலிருந்து பாலம் தாண்டிவிடுவேன்.
என் வீடு அவ்வளவு நீளமில்லை.

ஐந்தாவது. எல்லோரும் வாங்குவது.
தரைக்கு விளக்கடித்துத் தூசியைக் காட்டிக்கொடுத்தது.
ஒரு பொட்டு மணல் மிச்சமில்லை.
இதுவே இருக்கட்டும் என்று விரலைத் தளர்த்தினேன்.
நின்றுவிட்டது.
அழுத்தினேன், ஓடியது. விட்டேன், நின்றது.
பாட்டரி மிச்சமாகும், என்றான்,
ஆனால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

அவனுக்கு எப்படிச் சொல்வது?
வண்டியில் என் இடது காலுக்கு அடியில் ஒரு மிதி.
நான் உயிரோடு இருக்கிறேன் என்று
அதற்கு நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.
காலை எடுத்தால் வண்டி நினைத்துக்கொள்ளும்,
இவள் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று.
மணி அலறும், பிரேக் விழும்,
நின்றுகொண்டு வருபவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சரிவார்கள்.
சரிதான், அது வண்டி. அதில் நூறு பேர்.
ஆனால் ஞாயிற்றுக்கிழமை, கட்டிலுக்கு அடியில்,
ஒற்றைக் காலுறையும் கொஞ்சம் முடியும் கிடக்கிற இடத்திலுமா
நான் சாட்சி சொல்ல வேண்டும்?

ஆறாவதில் பொத்தான்.
தட்டினால் ஓடும், திரும்பத் தட்டினால் ஓயும்.
நாலைந்து மணல் பருக்கையை விட்டுவைத்தது.
நூற்றெண்பது யூரோ. சாம்பல் நிறம், அழகில்லை.
விளக்கு இல்லையே, என்றான் ரைவிஸ்.
தூசியைப் பார்த்துப் பழக்கம்தான், என்றேன்.
ஏழாவதை நான் தொடவேயில்லை.

வீட்டில் அதைத் தட்டி ஓடவிட்டு
சுவரில் சாய்த்து
இரண்டு கையையும் எடுத்தேன்.
காபி ஊற்றினேன். ஜன்னலைத் திறந்தேன். மூடினேன்.
அது ஓடிக்கொண்டேயிருந்தது,
நான் இருக்கிறேனா என்று ஒரு தரமும் கேட்காமல்.

கீழ்வீட்டு ஆபோல்ஸ்தான்
வெப்பக்குழாயில் கரண்டியால் தட்டினார், மூன்று முறை.
இருக்கிறேன், இருக்கிறேன் என்று கத்திக்கொண்டே
ஓடிப்போய்ப் பொத்தானைத் தட்டினேன்.