இதழ் 212

புதன்கிழமை. டொலீடோவில் ஈரப்பனி.
லெனோராவின் கடையில் என் பெயர் எழுதிய உறையிலிருந்து எடுத்துவந்து
காருக்குள்ளேயே படித்து முடித்தேன்.

முதலில் திட்டிவிடுகிறேன்.
வடம் அறுந்து நாற்பதாம் மாடியிலிருந்து
லிஃப்ட் விழுகிறதாம்.
சாம்பல் பருந்து ஒற்றைக் கையால் தாங்குகிறானாம்.
இருபத்தாறு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவன் நான்.
ஒரு வடம் போனால் இன்னும் ஐந்து இருக்கும்.
ஐந்தும் போனாலும்
பெட்டிக்கடியில் இரண்டு இரும்புத் தாடைகள்
தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும், உடும்புப்பிடி.
யாரும் பறந்து வர வேண்டியதில்லை.

புது ஓவியர் வேறு.
ஒன்பதாம் பக்கத்தில் பருந்துக்கு ஆறு விரல்,
இரண்டு தடவை எண்ணினேன்.
வில்லனோ பேசுகிறான், பேசுகிறான்,
பலூனுக்குள் மூச்சுவிட இடமில்லை.

ஆனால் அந்தப் பதினேழாம் பக்கம்!
வசனமே கிடையாது.
பெட்டிக்குள் ஏழு பேர்.
ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.
எல்லார் கண்ணும் மேலே,
அணைந்துபோன மாடி எண்ணில்.
ஒருத்தி மட்டும்
கதவு மூடும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கிறாள்.

அப்படித்தான் இருப்பார்கள்.
கதவை நெம்பித் திறக்கும்போதெல்லாம்
எனக்குக் கிடைப்பது அந்த முகங்கள்தான்.
நேரமாகிவிட்டதென்று
என்னை இடித்துக்கொண்டு ஓடுவார்கள்.
பதினெட்டிலும் ஓடுகிறார்கள்.
பருந்து முழங்கையைத் தேய்த்தபடி
படியில் இறங்கிப் போகிறான்.

இந்த ஓவியர் எங்கோ ஒருநாள்
மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்.
ஆறாம் விரலை மன்னித்தேன்.
வடத்தை மாட்டேன்.

நாலு டாலர் தொண்ணூற்றொன்பது.
இனி வேண்டாமென்று லெனோராவிடம்
இரண்டு முறை சொல்லியாயிற்று.
தலையாட்டுவாள்,
213 வந்ததும் உறையில் போட்டு வைப்பாள்.