நூற்றுப் பதினெட்டாம் பக்கம்

விடிந்தால் கிரிகல்பொத்த ஏறவேண்டும்.
கூடாரத்துக்கு வெளியே புல் வெள்ளையாய் விறைக்கிறது.
கிண்டில் ஒரு பக்கம் திரும்புவதற்குள்
என் மூச்சு இரண்டு தரம் புகைகிறது.

பட்டிப்பொலவில் அறுபது வீதம்.
இப்போது பதினொன்று.

பின்னேரம் ரிஸ்மியா சிரித்தாள்:
"கடதாசிப் புத்தகமென்றால்
அடுப்பாவது மூட்டலாம்."
நாற்பது நாவல், ஒரு பிஸ்கட் பெட்டி பாரம், என்றேன்.
அந்தப் பாரத்துக்கு அவள்
இன்னொரு சோடி மேஸ் கொண்டுவந்திருக்கிறாள்.
அவளுக்குக் கால் சூடு.

குளிரில் எழுத்து முழுதாய் அழிவதில்லை.
நூற்றுப் பதினேழில் கப்பலேறிப் போனவன்
நூற்றுப் பதினெட்டிலும் நிற்கிறான்
சாம்பல் நிறத்தில்,
அவனில்லாத வீட்டில் சோறு பரிமாறும்
வரிகளுக்கு ஊடே.
யாரும் அவனை விலக்கவில்லை.
நானும் பக்கத்தைத் திருப்பவில்லை.

அணைத்து, சுவெட்டருக்குள்
வயிற்றோடு வைத்துக்கொண்டேன்.
தகடு சில்லிட்டது. பிறகு
மெல்ல என் சூட்டைக் குடிக்கத் தொடங்கியது.
சமவெளியில் எங்கோ ஒரு மரை கத்தி ஓய்ந்தது.

மூன்று மணியிருக்கும்.
தூங்குகிறாள் என்று நினைத்திருந்த ரிஸ்மியா
இருட்டுக்குள்ளிருந்து கேட்டாள்:
"அவன் திரும்பி வந்தானா?"

ஒன்பது வீதம், என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு, ஒரு மேஸைக் கழற்றி நீட்டினாள்.
"இதுக்குள்ள போடு."