எட்டு இலக்கம்

புசியாவில் தெருவின் இந்தப் பக்கம் கென்யா,
அந்தப் பக்கம் உகாண்டா,
ஓரமாக என் மஞ்சள் குடை.
பத்தடி நகர்ந்தால் போன் நாடு மாறிவிடும்.
நல்வரவு என்று குறுஞ்செய்தி வரும்,
ஒன்றுக்குப் போய்த் திரும்பினாலும் வரும்.

சிம் விற்கிறேன். பெயர் நாலியாக்கா,
களையெடுப்புக் காலத்தில் பிறந்தவள்.
இப்போது களைவதெல்லாம் பிளாஸ்டிக்:
அட்டையிலிருந்து சில்லை நெம்பி எடுத்து,
அதன் வெட்டுப்பட்ட மூலையைத்
தட்டின் வெட்டுப்பட்ட மூலையோடு பொருத்தி,
"தங்க முகம் கீழே" என்று சொல்லித் தருவேன்.
மூலையை எதற்கு வெட்டினார்கள் என்பார்கள்.
உன்னைப் போன்ற அவசரக்காரர்களுக்காக, என்பேன்.

சில்லோடு போய்விடுவார்கள்,
அட்டையை மிதித்துக்கொண்டு.
அதன் முதுகில் எட்டு இலக்கம் உண்டு,
சுரண்டினால்தான் தெரியும்.
பூட்டிக்கொண்டவர்களுக்கு அதுதான் சாவி.
பொறுக்கித் துடைத்து, பெயர் எழுதி,
பிஸ்கட் டின்னில் போட்டுவைப்பேன்.
ஏனென்று கேட்டால் பதில் இல்லை,
எறியக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

நேற்று அக்கிட்டெங் வந்தாள்,
தலையில் கருவாட்டுக் கூடை,
கைக்குள் பொத்திய போன்.
கணவன் ஒப்போலோட் அவள் சிம்மைத்
தன் போனில் போட்டு
வருகிற பணத்தையெல்லாம் எண்ணுகிறானாம்.
அதனால் நாலு இலக்கத்தில் பூட்டு வைத்தாளாம்.
யாருக்கும் தோன்றாத எண்.
மறுநாள் அவளுக்கும் தோன்றவில்லை.

மூன்று தப்புக்கே சிம் வாயை மூடிக்கொண்டது.
எட்டு இலக்கம் கொடு என்றது.
மோட்டார் பைக் ஓட்டும் பையன் ஒருவன்
"அடித்துப் பார் அக்கா" என்றானாம்.
அடித்திருக்கிறாள்: கல்யாணத் தேதி,
மாமியார் இறந்த நாள், வெறும் பூஜ்யங்கள்.
பத்து வாய்ப்பில் ஏழு போயிருந்தது.
திரையில்: மீதம் 3.

"பத்தும் போனால்?"
"நகத்துண்டு. பல் குத்தக்கூட ஆகாது.
கம்பெனி ஆபீசில் புதுச் சிம் தருவார்கள், பழைய எண்ணோடு,
அடையாள அட்டை இருந்தால்."
அட்டை ஒப்போலோட்டின் பெட்டியில்.
பெட்டிச் சாவி அவன் இடுப்பில்.
"உள்ளே எவ்வளவு?"
"ஒரு தையல் மெஷின்," என்றாள்,
பிறகு, "பெடல் இல்லாமல்."

டின்னைக் கவிழ்த்தேன்.
வாழைக்காய் லாரி டும்வெசிஜியே,
ராத்திரி பஸ் கண்டக்டர்,
பெயர் சொல்லாமல் ஒருநாள் சிம் வாங்கிப்போன பெண்
('பச்சை ஸ்வெட்டர்' என்று எழுதியிருந்தேன்;
அவள் எண் பிறகு அடிக்கவேயில்லை),
போன மாத மழையில் மை கரைந்தவை.
'அக்' மட்டும் மிஞ்சியவை நான்கு.
ஒன்றைச் சுரண்டினோம். தப்பு.
மீதம் 2. கையில் அட்டை மூன்று.
எங்கள் இருவர் மூச்சிலும் கருவாடு.

அப்புறம்தான் என் மரமண்டைக்கு உறைத்தது.
தட்டை இழுத்துச் சில்லைப் புரட்டினேன்.
எறும்பு வரிசையாய்ப் பொடி எண்கள்.
பிறந்தபோதே போட்ட எண்,
அட்டையிலும் அதே எண்.
கேமராவில் பெரிதாக்கிப் படித்தோம்,
கடைசி நான்கு: 4471.
மூன்றாவது அட்டை: 4471.
சுரண்டினேன். என் நகம் நடுங்கியது,
போன் அவளுடையது என்றாலும்.

'புதிய பின்?' என்றது திரை.
நான் குடைக்கம்பியைப் பார்த்து நின்றேன்.
"எதை வைக்கட்டும்?"
"என்னிடம் சொல்லாதே."
ஒரு சிமென்ட் லாரி நாட்டை விட்டு நாடு போகும்வரை
யோசித்தாள். நான்கு சின்ன ஒலிகள்.
சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாய் எழுந்தன,
செய்திகள் மளமளவென்று விழுந்தன.
முதலில் ஒப்போலோட்:
*உப்பு வாங்கி வா.*

அட்டையை நீட்டினேன். வாங்கவில்லை.
"வீட்டில் எங்கே வைப்பேன்?
நீயே வை."
முழுப்பெயரையும் எழுதினேன், கரையாத மையில்.
அவள் சுருட்டித் தந்த கருவாடு இரண்டு
டின் பக்கத்திலேயே கிடந்தன.

மூடுமுன் ஒருமுறை அடிவரை துழாவினேன்.
என் அட்டையும் அங்கேதான் இருக்கிறது.
அதில் மட்டும் பெயர் கிடையாது.