பக்கத்து நட்சத்திரம்

தைப்பூசத்தன்று பூசம் தெரியாது.
நிலா அங்கேயே வந்து உட்கார்ந்துகொள்ளும்.
பன்னிரண்டு நாள் பொறுத்து,
இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்தேன்.

நாகலூர் எஸ்டேட்டின் சிமெண்டுக் களம்.
பகலில் காய்ந்த காப்பிக்கொட்டை
தார்ப்பாய்க்குள் இன்னும் வெதுவெதுப்பாக.
ரைட்டர் பாக்கியநாதன் கேட் விளக்கை அணைத்துவிட்டு,
"நாய்க்கு உங்களைப் பழகிடுச்சு" என்று சொல்லிப் போனார்.

கீழே சேலம்,
உருக்காலை வரைக்கும் சிந்திக் கிடக்கிறது.
மேலே பூசம்: வெறும் கண்ணுக்கு ஒரு பால்கறை.
ஆயிரம் நட்சத்திரம் ஒரே பிரசவத்தில் பிறந்த வீடு.
தனியாகத் திரிகிற நட்சத்திரம் வயதைக் கேட்டால் மழுப்பும்.
கூடப்பிறந்தவர்களை வைத்துக்கொண்டு மழுப்ப முடியாது.
அறுபது கோடி ஆண்டு, கொஞ்சம் முன்னே பின்னே.

அதிலொன்று
பதினோரு நாளுக்கொரு முறை மங்குகிறதாம்,
ஆயிரத்தில் மூன்று பங்கு.
விண்கலம் சொன்னது.
இளசை எப்படி நம்புவது?
உடம்பெல்லாம் கரும்புள்ளி,
சுழலச் சுழல வெளிச்சம் ஏறும், இறங்கும்.
அதையெல்லாம் சீவி எடுத்தபின்
அடியில் மிஞ்சியது ஒரு சின்னக் குழி.

கிரகமாக இருக்கலாம்.
அல்லது மயிரிழை தள்ளி நிற்கும் ஒரு மங்கல் நட்சத்திரம்
உள்ளுக்குள் இரண்டாக இருந்து
ஒன்றையொன்று மறைத்துவிட்டு
பழியை இதன்மேல் போட்டிருக்கலாம்.

எனக்கு வந்த வேலை அந்த மங்கலைப் பார்ப்பது.
கிரகம் என் எட்டு அங்குலக் கண்ணாடிக்கு எட்டாது.
பன்னிரண்டேகால் முதல் இரண்டரை வரை.
அது பாதியாகக் குறைந்தால்
ஓர் உலகம் இல்லாமல் போகும்.

பன்னிரண்டரை. குறையவில்லை.
ஒன்று. விரல் மரத்தது. குறையவில்லை.
ஒன்று நாற்பதுக்குப் பள்ளத்திலிருந்து ஏறிய மேகம்
முதலில் சேலத்தைத் தின்றது,
பிறகு சில்வர் ஓக்குகளை,
பிறகு என்னை.
வாய்விட்டுத் திட்டினேன். நாய் எழுந்து போனது.
விலகியபோது இரண்டு ஐந்து.
மங்கல் மங்கலாகவே இருந்தது.

அறிக்கையில் எழுதினேன்:
ஒன்றும் நிகழவில்லை. இருபத்தைந்து நிமிடம் பார்க்கவில்லை.
அந்த இருபத்தைந்தை
அடுத்த பதினோராம் நாள் தாஷ்கண்டில் யாரோ விழித்திருந்து நிரப்பினார்.

வாரநாளில் மேக்னசைட் ஆய்வகத்தில்
கல் பொடிப்பவள் நான்.
முக்காலி ஊன்றிய இந்தப் பாறைக்கு
இருநூற்றைம்பது கோடி வயது.
இது ஆறி அடங்கி
நூற்றுத் தொண்ணூறு கோடி ஆண்டு கழித்துத்தான்
அங்கே அந்தப் பச்சைப்பிள்ளை.

ஆவணியில் முடிவு வந்தது.
வேறொரு கண்டத்தின் பெரிய கண்ணாடி
நட்சத்திரம் தள்ளாடுவதை அளந்துவிட்டதாம். கிரகம்தான்.
பெயர்: ஒரு நீள எண், கடைசியில் ஒரு சின்ன 'பி'.
கண்டவர்கள் எழுபத்து நாலு பேர்,
அறுபத்தொன்பதாவதாக நான், ஓரெழுத்துப் பிழையோடு.

பாக்கியநாதன் கேட்டார்:
"எப்படிங்க இருந்துச்சு?"
"நான் பார்க்கலீங்க.
பக்கத்து வீட்டைத்தான் பார்த்தேன்."