மைனஸ் ஒன்பதரை

முதலில் வாங்கியது நானூற்று முப்பத்து மூன்று.
விலை மலிவு. யூஎஸ்பி துளையில் செருகினால்
ஒரு தடவை சிவப்பாகச் சிமிட்டும், அவ்வளவுதான்.
ஓலைக்குடாவில் என் வீட்டிலிருந்து ஐஸ் கம்பெனி
ஒன்றரைக் கிலோமீட்டர்.
அது சவுக்குத் தோப்போடு நின்றுவிட்டது.

அடுத்தது லோரா, எண்ணூற்று அறுபதுகளில் பேசுவது.
ஜோடி இரண்டாயிரத்து நூறு.
"ஆன்டெனா மாட்டாமல் கரண்ட் கொடுக்காதே" என்று
பெட்டிமேல் இருந்ததைப் படித்துக் காட்டினேன்.
"எங்கம்மாவும் சாப்பிடாம வெளிய போகாதேம்பாங்க"
என்றாள் எமரிட்டா.

டிரைவர் இறங்க இரண்டு ராத்திரி.
போர்ட் மூன்று என்றது, பிறகு ஏழு என்றது.
பாட் ரேட் ஒன்பதாயிரத்து அறுநூறு.
காற்றில் வேகம் கூட்டினால் தூரம் குறையும்,
தூரம் வேண்டுமென்றால் மெல்லப் பேச வேண்டும்.
மெல்லப் பேசினோம்.
முகவரி பூஜ்யம், சேனல் பதினெட்டு,
தயாரித்தவன் வைத்தது வைத்தபடி.
ஓடுகிறதை ஏன் தொடுவானேன்.

உப்புத்தண்ணீர்த் தொட்டியில் சென்சார் தொங்கியது.
பத்து நிமிஷத்துக்கொரு வரி, என் கட்டிலோரம்:
-9.5
-9.5
-9.4
கம்ப்ரெசர் தூங்கி
முந்நூறு பார் ஐஸ் ஓடிப்போன மாசி
இனி வராது.

செவ்வாய்க்கிழமை, ராத்திரி ஒன்று நாற்பது:
37.6

செருப்புகூடப் போடவில்லை.
எமரிட்டாவின் ஸ்கூட்டி, பின்னால் நாலு நாய்.
நம்புவேல் ஷட்டரைத் தூக்கினார்,
தொட்டியில் விரலை விட்டார்,
வைதுகொண்டே எடுத்தார்.
மைனஸ் ஒன்பதரை.

வீட்டில் வந்து பார்த்தால்
-9.5
37.6
-9.5
37.5
ஒரே பாயில் இரண்டு பேர் படுத்தது மாதிரி.

யாரோ.
அவரும் பூஜ்யம், அவரும் பதினெட்டு.
ஓடுகிறதைத் தொடாத இன்னோர் ஆள்.
காய்ச்சல் என்றாள் எமரிட்டா.
நம்புவேல் யோசிக்கவே இல்லை:
"முட்டை பொரிக்கிற பெட்டி. இருபத்தோரு நாள்."

எங்கே? உச்சிப்புளியா, மண்டபமா?
காற்றடங்கிய ராத்திரியில் தண்ணீர்மேல்
சிக்னல் எவ்வளவு தூரம் வழுக்கும்,
எனக்குத் தெரியாது.
தலைமன்னார் என்று எமரிட்டா சொல்லி
சொல்லாதது மாதிரி இருந்துகொண்டாள்.
அவள் தம்பியின் படகு இன்னும் அங்கேதான் நிற்கிறது.

குளிக்கும்போதுதான் உறைத்தது:
அவர் திரையில் நான் இருக்கிறேன்.
மைனஸ் ஒன்பதரையைப் பார்த்துவிட்டு
ஏதோ ஒரு நடுச்சாமத்தில்
அவரும் செருப்பில்லாமல் ஓடியிருப்பார்,
மூடியைத் திறந்து
முட்டையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்திருப்பார்.

கையேட்டை அப்புறம்தான் ஒழுங்காகப் படித்தேன்.
பதினெட்டு என்பது 868.125.
லைசென்ஸ் இல்லாமல் நமக்கு விட்டது 868 வரை.
எட்டிலொரு பங்கு வேலிக்கு வெளியே நின்று
இத்தனை நாள் பேசியிருக்கிறேன்.
பதினாறுக்கு இறங்குவது என்று முடிவானது.
புது நெட்வொர்க் எண், ஒரு சாவிச்சொல்.

இறங்குவதற்கு முன் ஒரே ஒரு தடவை
"இது ஐஸ். பயப்படாதீங்க" என்று அடித்து
எண்டர் தட்டினேன்.
பதிலுக்கு 37.5 வந்தது.

மூன்றாவதாக ஒரு மாட்யூல் வாங்கினேன்.
கம்பெனிக் கணக்கில் 'ஸ்பேர்'.
அது பதினெட்டிலேயே இருக்கிறது,
கேட்க மட்டும்.

பத்தொன்பதாம் நாள் தீவு முழுக்க கரண்ட் போனது.
லேப்டாப் பேட்டரியில் இரண்டு ஜன்னல்.
தொட்டி -9.1, -8.8.
டீசல் இல்லை என்று நம்புவேல் போனில் கத்துகிறார்.
பக்கத்து ஜன்னலில்
37.6
37.6
"இன்வெர்ட்டர் வச்சிருப்பாங்க" என்றேன்.
எமரிட்டா பதில் சொல்லவில்லை.
கேனை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியை உதைத்தாள்,
கிழக்கே ஒரு தடவை பார்த்துவிட்டு.